வாள் ஏந்தியவளின் முகம்

ரூவான் நகரத்தில் மழை பெய்தால் யாரும் வானத்தைப் பார்ப்பதில்லை. நின்றால்தான் என்ன ஆயிற்று என்று அண்ணாந்து பார்ப்பார்கள். தவக்காலத்தின் மூன்றாம் வாரம், செவ்வாய்க்கிழமை காலை. மழை நிற்கவில்லை. பேராலயத்தின் வடக்கு வாசலை ஒட்டிய இசபோவின் படக்கடையில், கூரை ஒழுகாத ஒரே மேசையின் மேல், கம்பளித் துணியில் சுற்றிய ஒரு செபப்புத்தகம் பிணம்போலக் கிடந்தது.

"திறக்கலாமா, இல்ல முதல்ல ஜெபம் ஏதாச்சும் சொல்லணுமா?" என்றார் ரவூலே.

அலிசோன் துணியை விலக்கினாள்.

அலிசோனுக்கு நாற்பத்தாறு வயது. பிரதி எடுப்பவர் ஒருவரின் விதவை. எழுதி முடித்த ஏடுகளை மூலத்தோடு ஒப்பிட்டுப் பிழை பார்ப்பது அவள் தொழில். எழுத்தில் பிழை பிடிக்கிற கண் மனிதர்களிடமும் பிடிக்கும் என்று புத்தக வணிகர் சங்கத்துக்காரர்கள் நம்பினார்கள். அதனால் எட்டு வருஷமாகச் சங்கத்துக்கு வரும் வில்லங்கமான பிராதுகளெல்லாம் அவள் மேசைக்கே வந்தன. ரவூலே அவளுக்கு எடுபிடி, எழுத்தர், காவல், தலைவலி, எல்லாம். ஐம்பது வயதில் மடத்திலிருந்து வெளியேற்றப்பட்ட துறவி. மடத்துத் தலைவர் நரகத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்தபோது சிரித்துவிட்டார். சிரித்ததற்கு மன்னிப்பு கிடைத்தது. ஏன் சிரித்தாய் என்று கேட்டதற்குச் சொன்ன பதிலுக்குக் கிடைக்கவில்லை. அங்கியைக் கழற்றிப் பல வருஷமாகியும் அலிசோன் அவரை 'சாமி' என்றுதான் கூப்பிடுவாள். அதில் மரியாதை எவ்வளவு, கேலி எவ்வளவு என்று அவர் கேட்டதில்லை.

பிராது இதுதான். துணி வியாபாரி கார்தேன் மாலே தன் புது மனைவிக்குப் பரிசாக ஒரு பெரிய செபப்புத்தகம் செய்யச் சொன்னார். அதில் பன்னிரண்டு தீர்க்கதரிசினிகளின் படம் வேண்டும். கிறிஸ்து பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே, வேற்றுத் தெய்வங்களைக் கும்பிட்ட நாடுகளில் இருந்துகொண்டு, அவர் வருவார் என்று குறி சொன்னதாக நம்பப்படுகிற பெண்கள். சிபில்கள் என்று புத்தகக்காரர்கள் சொல்வார்கள். இசபோ பக்கத்துக்கு ஒருத்தியாக, இடுப்பு வரை, நல்ல பெரிதாக வரைந்து கொடுத்தாள். ஒருத்தி கையில் தொட்டில், ஒருத்தி கையில் மெழுகுவத்தி, ஒருத்தி கையில் சாட்டை, இன்னொருத்தி கையில் முள்முடி. அவரவர் சொன்ன குறிக்கு ஏற்ற பொருள். சகல புனிதர் திருநாளன்று புத்தகம் மாலே வீட்டுக்குப் போனது. நான்கு மாதத்தில் திரும்பி வந்துவிட்டது. வாள் ஏந்தியவளுக்கு முகம் இல்லை.

வண்ணம் மட்டம், தானாக உதிர்ந்துவிட்டது என்றார் மாலே. உதிரவே உதிராது, யாரோ அழித்திருக்கிறார்கள் என்றாள் இசபோ. கடை நடத்தும் விதவைக்குச் சங்கத்தில் இடம் உண்டு, ஒரு பிராதும் நிரூபணம் ஆகாதவரை. மாலே சொல்வதுதான் சரி என்று ஆனால் இன்று மாலை மணி அடித்ததும் இசபோவின் பெயர்ப்பலகையைக் கழற்றிவிடுவார்கள். அதை மாட்டுவதற்கு அவளுக்குப் பதினொரு வருஷம் ஆகியிருந்தது.

"பன்னிரண்டு பொம்பளைங்க, எல்லாரும் வரப்போறதச் சொல்றவங்க," என்றார் ரவூலே, பக்கங்களைப் புரட்டியபடி. "இப்படி ஒரு பிராது வரும்னு ஒருத்தியும் வாயத் திறக்கலயே அம்மணி."

ஒன்பதாவது பெண்ணிடம் வந்து நிறுத்தினார். நீல அங்கி அப்படியே இருந்தது. நீட்டிய வாளின் வெள்ளிப் பூச்சில் ஒரு கீறல் இல்லை. கோழிமுட்டை அளவு முகம் இருந்த இடத்தில் மட்டும் ஏட்டின் வெறும் கன்றுத்தோல், மழுமழுவென்று. நெற்றியின் ஒரு கீற்றும், கழுத்தும்தான் மிச்சம். அந்த மழுமழுப்பின் நடுவே, மேலிருந்து கீழாக, முடி அகலத்துக்கு ஒரே ஒரு கோடு கீறியிருந்தது.

"கத்தி," என்றாள் இசபோ. "பாருங்க, கோடு தெரியுது."

அலிசோன் விரல்நுனியால் தடவிப் பார்த்தாள். கத்தியால் சுரண்டினால் தோல் சொரசொரப்பாகிவிடும். பிழையான எழுத்தைத் தினமும் சுரண்டுகிற அவளுக்கு அது தெரியாதா? இது சுரண்டியதல்ல, தேய்ந்தது. அப்படியானால் அந்த ஒற்றைக் கோடு எதற்கு? கத்தியைக் கையில் எடுத்தவன் ஒரே கோட்டோடு நிறுத்துவானா?

ரவூலே புத்தகத்தின் மேல் குனிந்து மூக்கை வைத்தார். தவக்காலத்தில் இறைச்சி விலக்கு என்பதால் மூன்று வாரமாக உப்பு மீனையே தின்று, அவர் மூக்கு வேட்டைநாயின் கூர்மைக்கு வந்திருந்தது. இந்தப் பெண் ஏதோ நல்ல சமையல் பக்கம் போய்வந்திருக்கிறாள், கிராம்பு மணக்கிறது என்றார். மற்றப் பதினொரு பேரையும் முகர்ந்து பார்த்தார். யாரிடமும் இல்லை.

அலிசோன் அதற்குள் வேறொன்றில் கண்ணை வைத்திருந்தாள். ஒவ்வொரு படத்தின் கீழும் அந்தந்தப் பெண்ணின் பெயரும் வயதும் எழுதியிருந்தன. வாள் ஏந்தியவளுக்கு வயது பதினைந்து. ஆனால் எஞ்சியிருந்த கழுத்தில் இரண்டு மடிப்பு. தாடைக்குக் கீழே லேசாகத் தளர்ந்த சதை. இசபோ மட்டமான ஓவியர் அல்ல. மெழுகுவத்திக்காரிக்கு இருபத்து நாலு என்று போட்டிருந்தது, இருபத்து நாலு வயதுக் கழுத்துதான் இருந்தது.

"பதினஞ்சு வயசுப் பொண்ணுக்கு இந்தக் கழுத்து எங்கிருந்து வந்துச்சு இசபோ?"

இசபோ தூரிகையைக் கழுவுகிற பாவனையில் திரும்பிக்கொண்டாள். முதுகைக் காட்டியபடியே சொன்னாள். பன்னிரண்டு முகத்துக்கு எங்கே போவது? தெருவில் பார்த்த முகங்களைத்தான் எடுத்துக்கொண்டாள். சாட்டைக்காரி மீன்கடைக்காரி. தொட்டில்காரி மணி அடிப்பவரின் மகள். வாள் ஏந்தியவள், மூன்று வருஷத்துக்கு முன் காய்ச்சலில் செத்துப்போன கொலெத். கார்தேன் மாலேயின் முதல் மனைவி.

"புதுப் பொண்டாட்டிக்குக் குடுக்கிற பரிசுல பழைய பொண்டாட்டி," என்றார் ரவூலே. "அதுவும் கையில வாளோட. அம்மாடி, நீ படம் வரையல, யுத்தம் வரைஞ்சிருக்க."

கேலிக்காகச் செய்யவில்லை என்றாள் இசபோ. கொலெத் கடைக்கு வந்தால் பக்க ஓரத்தில் வரும் ஒரு பூவரிக்கு அரைநாள் சண்டை போடுவாள். அவள் போனபிறகு கடையே ஊமையாகிவிட்டது. அந்தப் பக்கத்துக்கு வந்தபோது கை தானாக அவள் முகத்தைப் போட்டது. வெளியே சொன்னால் கௌரவமான வீட்டை அவமானப்படுத்தினாள் என்று அதற்கொரு பிராது வரும், அதனால் சொல்லவில்லை.

ஆக, அலிசோனின் கையில் இப்போது ஒரு தேய்ந்த முகம், ஒரு கோடு, ஒரு கிராம்பு வாசம், ஒரு செத்துப்போன மனைவி. புத்தகத்தைத் துணியில் சுற்றி ரவூலேயின் கக்கத்தில் கொடுத்துவிட்டுக் கிளம்பினாள்.

மாலேயின் வீடு துணிக்காரர் தெருவில் மூன்று மாடி. கொலெத் இருந்த காலத்தில் அந்தத் தெருச் சேவல்களுக்கு வேலையில்லை என்று சொல்வார்கள். விடிவதற்கு முன்பே கொலெத்தும் மாமியார் பெரோனும் ஆரம்பித்துவிடுவார்கள். கஞ்சிக்கு உப்புப் போட்டது யார் என்ற ஒரு சண்டை பாஸ்கா திருநாளில் தொடங்கித் தூய ஆவி திருநாள் வரை ஐம்பது நாள் ஓடியதாகப் பக்கத்து வீட்டார் சத்தியம் செய்வார்கள். இப்போது வீடு அமைதியாக இருந்தது. மாடிப்படி ஏறும்போது தங்கள் செருப்பின் ஈரச்சத்தமே ரவூலேக்குச் சங்கடமாக இருந்தது.

கார்தேன் மாலே கணப்புக்கு முன் நின்று, மசாலா போட்டுக் காய்ச்சிய சிவப்புத் திராட்சை மது குடித்துக்கொண்டிருந்தார். ரவூலேயின் மூக்கு அசைந்தது. அலிசோன் அவர் காலை மிதித்தாள்.

மாலே பெரிய உடம்புக்காரர், சின்னப் பேச்சுக்காரர். வண்ணம் உதிர்ந்துவிட்டது என்பதற்கு மேல் ஒரு வார்த்தை அவரிடமிருந்து பெயரவில்லை. எப்போது பார்த்தீர்கள் என்று கேட்டால் கணப்பைப் பார்த்தார். புத்தகம் வீட்டுச் செபக்கூடத்தில் சாய்மேசை மேல் திறந்தபடி இருக்கும், அங்கே வேலைக்காரர்கள் போவதில்லை, வீட்டார் மூன்று பேர்தான் என்பதை மட்டும் சொன்னார்.

ஜன்னலோரம் அவருடைய தாயார் பெரோன் உட்கார்ந்திருந்தாள். எழுபதைத் தாண்டிய, நிமிர்ந்த முதுகு. மடியில் பூட்டுப் போட்ட ஒரு சிறு மரப்பெட்டி. கேட்ட கேள்விக்கெல்லாம் உதட்டைத் திறக்காமல் தலையை மட்டும் அசைத்தாள். மருமகள் ஓப்ரே தலையணையைச் சரிசெய்தாள், சரிங்க அத்தை என்றாள். கதவைச் சாத்தினாள், சரிங்க அத்தை என்றாள். கன்னியர் மடத்தில் வளர்ந்த இருபத்து நாலு வயதுப் பெண். குரல் பஞ்சில் சுற்றிவைத்ததுபோல இருந்தது. கிழவி ஒவ்வொரு 'சரிங்க அத்தை'க்கும் கண்ணை மூடித் திறந்தாள், ஊசி குத்தினால் மூடுவதுபோல.

செபக்கூடத்தைக் காட்டுகிற சாக்கில் ஓப்ரேயைத் தனியே அழைத்துப் போனாள் அலிசோன். அந்த முகம் யாருடையது என்று தெரியுமா என்று நேராகக் கேட்டாள்.

"தெரியும்," என்றாள் ஓப்ரே. "புத்தகம் வந்த அன்னிக்கே வேலைக்காரி பார்த்துட்டுச் சொன்னா. எனக்குக் கோவம் வரலைங்க. அவர் தினமும் காலையில இங்க வர்றார். வாசல்ல நிக்கிறப்ப கண்ணு கலங்கியிருக்கும். நான் தூணுக்குப் பின்னாடி நின்னு பார்த்திருக்கேன். அதுக்கு மேல என்னைக் கேக்காதீங்க."

அவள் யாரையும் குற்றம் சொல்லவில்லை. குற்றம் சொல்லாத அந்த முகத்தைப் பார்க்கத்தான் அலிசோனுக்குக் கஷ்டமாக இருந்தது.

தெருவுக்கு வந்ததும் ரவூலே விரல் விட்டு எண்ணினார். புது மனைவிக்குப் பொறாமை, கத்தி, கோடு. விஷயம் முடிந்தது, மீன் சாப்பிடப் போகலாம். பொறாமைக்காரி இவ்வளவு சாதுவாக இருப்பாளா என்று அலிசோன் கேட்டதற்கு, சாதுவானவர்களைப் பற்றி மடத்தில் இருந்த தனக்குத் தெரிந்தது அவளுக்குத் தெரியாது என்றார்.

மழை வலுத்ததால் பங்குக்கோயிலுக்குள் ஒதுங்கினார்கள். நடுப்பகல் பூசை நடந்துகொண்டிருந்தது. பங்குச்சாமியார் பூசைப் புத்தகத்தின் மேல் குனிந்து, சிலுவையில் அறைந்த ஆண்டவரின் படத்தை முத்தமிட்டு நிமிர்ந்தார்.

அலிசோன் தன் நெற்றியில் தானே தட்டிக்கொண்டாள்.

இருபது வருஷமாக எத்தனை பூசைப் புத்தகம் பார்த்திருக்கிறாள்! எல்லாவற்றிலும் அந்தப் பக்கம் மட்டும் மழுங்கித்தான் இருக்கும். சாமியார்களின் முத்தத்தில் ஆண்டவரின் பாதமே கரைந்துபோகிறதென்று, விவரம் தெரிந்த ஓவியர்கள் பக்கத்தின் அடியில் தனியாக ஒரு சின்னச் சிலுவை வரைந்து வைப்பார்கள். முத்தமெல்லாம் அதன் மேல் விழட்டும் என்று.

"சாமி, அந்த முகத்த யாரும் அழிக்கல. முத்தம் குடுத்துக் குடுத்துக் கரைச்சிருக்காங்க."

 மதுவில் கிராம்பு என்றார் ரவூலே. கிராம்பு, வாசலில் கலங்கிய கண், செத்துப்போன மனைவி. புது மனைவிக்குத் தெரியக்கூடாது என்று பழியை ஓவியர் தலையில் போட்டிருக்கிறார் மனிதர். நகரத்துக்கே துணி விற்கிறவர், உண்மைக்குப் போர்த்த ஒரு முழம் கிடைக்காமல் அடுத்தவள் பெயர்ப்பலகையைக் கழற்றப் பார்க்கிறார்.

மாலே சாயத்தொட்டிகளுக்குப் பக்கத்தில் அகப்பட்டார். அலிசோன் சுற்றி வளைக்கவில்லை. படத்தை முத்தமிட்டது நீங்கள்தானே என்று கேட்டாள்.

அவர் கிளறிக்கொண்டிருந்த கோலைத் தொட்டியில் விட்டார்.

"முத்தமா?" என்றார். "அம்மா, செபக்கூடத்துல வெச்சப்புறம் நான் அந்தப் புத்தகத்துக்குப் பத்தடி கிட்டப் போனதில்ல. வாசல்வரைக்கும் போவேன். உள்ள கால் வராது. படத்திலகூட அவ என்னைத் திட்டுவாளோன்னு பயம். திட்டலைன்னா அது இன்னும் பயம்."

பிறகு தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தையும் சொன்னார். புத்தகத்தைப் பிரித்துப் பார்த்த முதல் நாளே முகம் யாருடையது என்று தெரிந்தது. ஓப்ரேக்கும் தெரிந்திருக்கும் என்று நினைத்தார். தவக்காலத் தொடக்கத்தில் ஒருநாள் வாசலிலிருந்து பார்த்தால் முகத்தைக் காணோம். ஓப்ரேதான், வேறு யார்? பாவம், சின்னப்பெண், அவள்மேல் என்ன தப்பு? தெரு முழுக்கத் தெரிந்தால் தலைகாட்ட முடியாதே என்று, வண்ணம் உதிர்ந்துவிட்டது என்று எழுதிக் கொடுத்துவிட்டார். இசபோவின் கடை போகும் என்று யோசிக்கவில்லை. யோசித்தேன் என்று பிறகு திருத்திக்கொண்டார். யோசித்துவிட்டும் எழுதினேன்.

ரவூலே கடைசி நூலைப் பிடித்துப் பார்த்தார். உங்கள் மதுவில் கிராம்பு போடுவார்களா?

இந்த வீட்டில் கிராம்பு சமையலறைக்கே வருவதில்லை என்றார் மாலே. லவங்கப்பட்டையும் இஞ்சியும்தான். கிராம்பு முழுவதும் அம்மாவின் பெட்டியில், பூட்டுக்குள். பல்வலிக்கு.

இருவரும் மறுபடி மாலே வீட்டுக்கு நடந்தார்கள். புருஷன் பெண்டாட்டியைச் சந்தேகித்து அவளைக் காப்பாற்றுகிறான். பெண்டாட்டி புருஷனைச் சந்தேகித்து அவனைக் காப்பாற்றுகிறாள். இரண்டு பேரின் நல்ல மனசுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு சாகிறவள் இசபோ. மாலை மணிக்கு இன்னும் ஒரு மணி நேரம்கூட இல்லை.

பெரோன் அதே ஜன்னலோரம் இருந்தாள். ஓப்ரே கடைத்தெருவுக்குப் போயிருந்தாள். அலிசோன் முக்காலியை இழுத்துப் போட்டுக் கிழவிக்கு எதிரே உட்கார்ந்தாள். ரவூலே கதவருகே நின்றார்.

"பல் ரொம்ப வலிக்குதாங்க அம்மா?"

இத்தனை நேரமும் மூடியிருந்த வாய் முதல்முறையாகத் திறந்தது. "இருக்கிறதே ஒண்ணு," என்றாள் பெரோன். "அதுக்கு வலி வேற."

மேல்வரிசையின் நடுவில், நீளமாக, உளிபோல ஒற்றைப் பல். படத்தில் கீறியிருந்த ஒற்றைக் கோட்டை நினைத்தபடி அலிசோன் அதைப் பார்த்தாள். அவள் பார்த்ததைக் கிழவியும் பார்த்தாள். கை வாயை மூடப் போய், பாதியில் மடிக்கு இறங்கியது.

"யார்கிட்ட சொன்ன?"

"இன்னும் யார்கிட்டயும் இல்லைங்க."

ஜன்னலில் மழை வழிந்துகொண்டிருந்தது. பெரோன் பெட்டியின் பூட்டைத் திருகியபடியே பேசினாள். யாருக்கோ சொல்வதுபோல இல்லை, கணக்குத் தீர்க்க வந்தவளிடம் பேசுவதுபோலக் கடுமையாகத்தான் பேசினாள்.

"மொதல்ல திட்டத்தான் போனேன். செத்தும் என் வீட்டுக்குள்ள வந்துட்டியாடின்னு கேக்க. கையில வாள் வேற. அந்தப் படக்காரி பொருத்தம் பார்த்துத்தான் குடுத்திருக்கா. நான் திட்டறேன், அவ சும்மா இருக்கா. இன்னும் திட்டறேன், சும்மாவே இருக்கா. பதினெட்டு வருஷத்துல ஒருநாள் அவ எனக்குப் பதில் சொல்லாம இருந்ததில்ல. அவள அடக்கம் பண்றப்ப நின்னேன். வருஷா வருஷம் பூசை குடுத்தேன். அப்பல்லாம் எனக்கு ஒண்ணும் தெரியல. அன்னிக்குத்தான் தெரிஞ்சுது, அவ செத்துட்டா."

அதற்கப்புறம் தினமும் காலைப் பூசை முடிந்ததும் போனாள். கிட்டப் போய்த்தான் பார்க்க முடியும், கண் சரியில்லை. கிட்டப் போன இடத்தில் மற்றது நடந்தது. முகம் கரைகிறது என்று தெரியும்போது பாதி போய்விட்டது. நிறுத்தத்தான் பார்த்தாள். முடியவில்லை.

"இந்தப் பொண்ணு நல்லவதான்," என்றாள் பெரோன். "எதுக்கெடுத்தாலும் சரிங்க அத்தை. கல்லறையில படுத்துக்கிட்டு இருக்கிற மாதிரி இருக்கு எனக்கு."

ரவூலே தொண்டையைக் கனைத்தார். ஆனால் எதுவும் சொல்லவில்லை. எட்டு வருஷத்தில் அது முதல் தடவை.

இசபோவின் நிலைமையை அலிசோன் சொன்னாள். கிழவிக்கு அது புதுச்செய்தி. மகன் பிராது கொடுத்ததே அவளுக்குத் தெரியாது. புத்தகத்தைச் சீர்செய்யக் கொடுத்திருக்கிறான் என்று நினைத்திருந்தாள். நிமிர்ந்த முதுகு இன்னும் நிமிர்ந்தது.

"எழுது," என்றாள். "நான்தான் கத்தியால சொரண்டினேன்னு எழுது."

"நீங்க சொரண்டலையே அம்மா."

"முத்தம் குடுத்தேன்னு எழுதுவியா? இந்தத் தெருவுக்கு என்னை அம்பது வருஷமாத் தெரியும். சொரண்டினேன்னா ஒருத்தரும் மறுகேள்வி கேக்க மாட்டாங்க. மத்தது தெரிஞ்சா, ஒவ்வொருத்தியா வந்து என் கையப் புடிச்சுக்கிட்டு அழுவாளுங்க. அந்த அசிங்கம் எனக்கு வேணாம்."

அலிசோன் மைக்கூட்டைத் திறந்தாள். இருபது வருஷம் மற்றவர்களின் பிழையைத் திருத்தியவள். தெரிந்தே ஒரு பிழையை எழுதியதில்லை. கொஞ்சநேரம் யோசித்து இரண்டே வரி எழுதினாள். வண்ணத்தில் குறை இல்லை. பழுது, புத்தகம் வீடு வந்து சேர்ந்தபிறகு, வீட்டில் நேர்ந்தது. அதில் பொய் இல்லை. சங்கத்துக்கு அதற்குமேல் தேவையும் இல்லை. பிராது கொடுத்தவரின் கையெழுத்து மட்டும் வேண்டும்.

மாலே வந்தார். பின்னாலேயே ஓப்ரே, நனைந்த முக்காடும் கூடை நிறைய வெங்காயமுமாக. மாலே தாளைப் படித்தார். 'வீட்டில்' என்ற சொல்லில் அவர் விரல் நின்றது. ஓப்ரேயைப் பார்த்தார். ஓப்ரே அவரைப் பார்த்தாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் எவ்வளவு பெருந்தன்மையாக மன்னித்தார்கள் என்பது அந்தப் பார்வையில் அப்பட்டமாகத் தெரிந்தது. கதவருகே நின்ற ரவூலே வாயைக் கையால் பொத்திக்கொண்டார். பழைய நரகப் பிரசங்கத்தின் அபாயம் அவர் முகத்தில் தெரிந்தது.

"அவள ஏன்டா பாக்கற?" என்றாள் பெரோன். "நான்தான் அழிச்சேன். கத்தியால."

மாலேயின் முகத்தில் ஆச்சரியம் இல்லை. தெரு என்ன நினைத்திருக்குமோ அதைத்தான் மகனும் நினைத்தார். பெருமூச்சு விட்டு இறகை மையில் தோய்த்தார்.

கூடை தரையில் விழுந்தது. வெங்காயங்கள் உருண்டன.

"கத்தியாலயா?" என்றாள் ஓப்ரே.

யாரும் அந்தக் குரலை அந்த வீட்டில் அதுவரை கேட்டதில்லை. அவளே கேட்டதில்லை போலிருந்தது.

"செத்துப்போனவங்க முகம் அது. உங்களுக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா அத்தை? அவங்க உங்கள என்ன பண்ணாங்க? தனியா, வாயில்லாம, ஒரு தாள்ல இருந்தாங்க. அங்கேயும் விடலையா நீங்க? இந்த வீட்டுக்கு வந்த நாளா எல்லாத்துக்கும் சரி சரின்னு சொல்லியிருக்கேன். இதுக்குச் சொல்ல மாட்டேன்."

மாலே இறகைப் பிடித்தபடி உறைந்துபோனார். பெரோன் நாற்காலியின் கைகளைப் பிடித்து மெல்ல எழுந்தாள். அவள் கன்னத்தில் ரத்தம் ஏறியிருந்தது.

"யாருடி உனக்குப் பேசக் கத்துக்குடுத்தது?"

"நீங்கதான். கொலெத் அப்படிப் பேசுவா, கொலெத் இப்படிப் பேசுவான்னு வாரம் முழுக்கச் சொல்லிச் சொல்லி."

"கொலெத்தா இருந்தா இன்னும் சத்தமாப் பேசியிருப்பா."

"பேசறேன்," என்றாள் ஓப்ரே. "கதவைச் சாத்துங்க, நல்லாவே பேசறேன்."

யாரும் கதவைச் சாத்தவில்லை. அலிசோன் மாலேயின் கையைப் பிடித்துக் கையெழுத்துப் போடவேண்டிய இடத்தில் வைத்தாள். அவர் போட்டார். ரவூலே அவள் காதருகே குனிந்தார். பாவம், அந்தப் பெண் நடக்காத குற்றத்துக்குக் கத்துகிறாளே, உண்மையைச் சொல்லி நிறுத்த வேண்டாமா என்று கேட்டார்.

அலிசோன் திரும்பிக் கிழவியைப் பார்த்தாள். பெரோன் ஒரு கையை இடுப்பில் வைத்து, அடுத்த பதிலுக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தாள்.

"வேணாம் சாமி," என்றாள். "மணி அடிக்கப் போகுது, வாங்க."

தெருவில் இரண்டு பக்கமும் ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. மாடியிலிருந்து வந்த இரண்டு குரல்களையும் கேட்டு, எதிர்வீட்டுக்காரி சிலுவைக்குறி போட்டுக்கொண்டாள். ஒன்று பழைய குரல், மற்றது யாருடையது என்று அடுத்த வீட்டுக்காரியைக் கேட்டாள்.

மாலை மணிக்கு முன்பே தாள் சங்கத்துக்குப் போய்விட்டது. பெயர்ப்பலகையைக் கழற்ற ஏணியோடு வந்தவன் மழையில் ஏணியைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போனான்.

முகத்தை மாலே வீட்டுச் செலவிலேயே மறுபடி வரைந்து கொடுக்க வேண்டும் என்று முடிவானது. அடுத்த வாரம் இசபோ சிவப்பு வண்ணத்தைச் சிப்பியில் குழைத்துக்கொண்டிருந்தாள். அலிசோன் எதிரே உட்கார்ந்து ஒரு விவிலியச் சங்கீதப் புத்தகத்துக்குப் பிழை பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தத் தோல் பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்த இசபோ, இதில் கத்தியே படவில்லையே என்றாள். தெரியும் என்று சொல்லிவிட்டு அலிசோன் அடுத்த வரிக்குப் போனாள்.  இசபோ, பூசைப் புத்தகத்துச் சிலுவை மாதிரி, பக்கத்தின் அடியில் ஒரு சின்னப் பூ வரைய இடம் இருக்கிறதா என்று தனக்குத்தானே அளந்து பார்த்தாள்.

அப்போதுதான் ஓப்ரே வந்தாள். முக்காடு ஒருபக்கம் நழுவியிருந்தது. குரல் லேசாகக் கட்டியிருந்தது.

"அத்தை சொல்லியனுப்பினாங்க," என்றாள். "இந்தத் தடவை அவளுக்கு வாய் திறந்திருக்கணுமாம்."

இசபோ குறித்துக்கொள்ளக் கரித்துண்டை எடுத்தாள்.

"எழுதாதீங்க," என்றாள் ஓப்ரே. "மூடித்தான் இருக்கணும்னு நான் சொல்லிட்டேன். தீர்க்கதரிசினி என்ன மீன்கடையிலயா நிக்கிறா? ஞாயித்துக்கிழமையிலேர்ந்து இதேதான் எங்களுக்குள்ள நடக்குது. அவர் சாயத்தொட்டிப் பக்கமே சாப்பாட்டைக் கேட்டு வாங்கிக்கிறார்."

"அப்ப நான் எதைத்தாங்க வரையறது?"

ஓப்ரே வாசலில் நின்று முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"அவசரம் ஒண்ணும் இல்லைங்க," என்றாள். "பாஸ்கா தாண்டட்டும். இன்னும் நாங்க பேசி முடிக்கல."